ஜமைக்காப் பாட்டில் கூடா நட்பு

முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியன், கடல் கடந்த ஒரு தீவின் ஆடற்பாட்டைப் பற்றிப் பேச முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அது வியப்பே. சென்ற கோடை விடுமுறையில் கல்லூரியிற் படிக்கும் என் பேரன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். அவன் அறையிலிருந்து சுவர் அதிரும்படி ஓர் ஓசை எழுந்தது. "இது என்னப்பா கூச்சல்?" என்று கடிந்துகொண்டேன். "கூச்சல் இல்லை தாத்தா, ஜமைக்காப் பாட்டு. கூடவே இருந்து குழி பறித்த நண்பனைப் பற்றிப் பாடுகிறார்" என்றான். அடுத்த பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டேன். அதுவும் அதே செய்திதான் என்றான். மூன்றாவது பாட்டும் அவ்வாறே அமைந்தது.

ஒரு நாட்டின் பாடகர்கள் மீண்டும் மீண்டும் ஒரே முறையீட்டைப் பாடுவார்களானால் அதற்கு அந்நாட்டின் வரலாற்றில் காரணம் இருந்தே தீரவேண்டும். அக்காரணத்தைத் தேடிச் சென்றபோது நான் கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன். இதில் எனக்குச் சொந்தமான பழைய கணக்கு ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

ஜமைக்கா, கரிபியக் கடலில் ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 1655-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து குவித்தனர். அடிமை நிலையினின்று தப்பி மலைக்காடுகளிற் புகுந்து வாழ்ந்தோர் மரூன்கள் எனப்பட்டனர். அவர்களை வெல்ல இயலாத ஆங்கில அரசு 1739-இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மரூன்களுக்கு நிலமும் விடுதலையும் கிடைத்தன. ஆனால், இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கவேண்டும், கலகம் மூண்டால் அரசுக்குத் துணை நிற்கவேண்டும் என்பவை அதற்கு விலையாக விதிக்கப்பட்டன. 1760-இல் டாக்கி என்பவர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவரைச் சுட்டு வீழ்த்தியவர் ஒரு மரூன் வீரரே. 1865-இல் மொராண்ட் பே என்னும் ஊரில் ஏழைக் குடியானவர்களைத் திரட்டிய பால் போகிளைப் பிடித்து அரசிடம் ஒப்படைத்தவர்களும் மரூன்களே. அவர் தூக்கிலிடப்பட்டார். இன்று அவர் ஜமைக்காவின் தேசிய வீரர்களுள் ஒருவர்.

இதனைக் கேட்டவுடன் மரூன்களைத் துரோகிகள் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அவர்களும் வஞ்சிக்கப்பட்டவர்களே. 1795-இல் ட்ரெலானி ஊர் மரூன்கள் ஆயுதம் ஏந்தினர். தீவைவிட்டு வெளியேற்றமாட்டோம் என்று படைத்தலைவர் வால்போல் அளித்த வாக்கை நம்பிச் சரணடைந்தனர். ஆளுநரோ, அவர்களுள் 500-க்கும் மேற்பட்டோரை 1796-இல் கப்பலேற்றிக் குளிர் மிகுந்த நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பிவிட்டார். தம் வாக்குப் பொய்த்ததைக் கண்ட வால்போல், தீவின் சட்டமன்றம் தமக்குப் பரிசாக அளிக்க முன்வந்த வாளை ஏற்க மறுத்தார். யார் யாரை வஞ்சித்தார் என்ற கேள்விக்கு அத்தீவின் வரலாறு ஒரே வரியில் விடை தருவதில்லை. இதனை நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

அடிமைகள் கூடிப் பேசுவதே குற்றமாயிருந்த காலத்தில், பக்கத்துக் குடிசைக்காரன் சென்று காதிற் போட்டால் முதுகில் கசையடி விழும். ஆகையால் ஒற்றன் என்னும் சொல் அம்மக்களிடையே கொலைகாரன் என்னும் சொல்லினும் கொடியதாயிற்று. அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அனான்சி என்னும் சிலந்தியின் கதைகளும் இப்பாடத்தையே புகட்டின. அனான்சி எல்லா விலங்குகளையும் அண்ணே என்று வாய் நிறைய அழைப்பான். அழைத்தே ஏமாற்றுவான். இத்தகைய கதைகளை வால்டர் ஜெகில் என்னும் ஆங்கிலேயர் திரட்டி 1907-இல் நூலாக வெளியிட்டார். மெலிந்த நாயைக் கண்டு இரங்கினால் அந்நாயே திரும்பிக் கடிக்கும் என்னும் பொருளில் அங்கே ஒரு பழமொழி வழங்குகின்றது. பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போன்றது. பிற்காலத்தில் பீட்டர் டாஷ் என்னும் பாடகர் அப்பழமொழியையே பாட்டாக்கினார்.

இனி இசைக்கு வருவோம். டான்ஸ்ஹால் என்றால் நடனக்கூடம் என்று பொருள். ஆனால் கூரை வேய்ந்த மண்டபம் என்று எண்ணிவிடவேண்டாம். தலைநகரமாகிய கிங்ஸ்டனில், வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாத ஏழை மக்கள், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திறந்தவெளி முற்றங்களிற் கூடி, ஒலிபெருக்கியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடினர். நம் ஊர்த் திருவிழாக்களில் மைக் செட் கட்டும் இருவர், யாருடைய குழாய் அதிக தூரம் கேட்கிறது என்று போட்டியிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அங்கே அப்போட்டி ஒரு போராகவே நடந்தது. ட்யூக் ரீட் என்பவர் முன்னாள் காவலர், மதுக்கடை உரிமையாளர். காக்ஸன் டாட் என்பவர் அவருடைய எதிரி. இருவரும் அமெரிக்காவிலிருந்து அரிய இசைத்தட்டுகளைத் தருவித்து, பிறர் அறியாதபடி அவற்றின் மேற்சீட்டைச் சுரண்டி எறிந்துவிடுவர். வில்லிஸ் ஜாக்சன் என்னும் அமெரிக்கரின் சாக்சபோன் இசைத்தட்டு ஒன்றைக் காக்ஸன் தம் பெயரையே சூட்டித் தமது அடையாள இசையாக நெடுநாள் வைத்திருந்தார். ஒருநாள் ட்யூக் ரீட் அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துத் தம் கூட்டத்திலேயே அதனை ஒலிக்கவிட்டார். ஒரு தட்டின் பெயரை அறிந்தவன் எவனோ அவன் வாயில் முதலாளியின் பிழைப்பே அடங்கியிருந்தது. உடனிருப்போன் மீது ஐயம் கொள்வது அத்தொழிலோடு பிறந்தது எனலாம்.

பிறகு அவர்கள் சொந்தமாகவே பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். எழுத்தில் ஒப்பந்தம் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பாடகன் பாடுவான், ஒரு சிறு தொகை கையில் விழும், தட்டு எத்தனை விற்றாலும் அவனுக்கு அவ்வளவே. ஜமைக்கா தனக்கெனப் புதிய பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியதே 1993-இல்தான். எழுத்தும் சட்டமும் இல்லாத இடத்தில் நட்பே ஒப்பந்தமாக நின்றது. ஒப்பந்தம் முறிந்தால் வழக்குத் தொடரலாம். நட்பு முறிந்தாலோ பாட்டுத்தான் பாடமுடியும்.

அவ்வாறே பாடினர். குத்துச்சண்டை பழகியவரான பிரின்ஸ் பஸ்டர், காக்ஸனிடம் பணிபுரிந்துவிட்டு விலகித் தனித் தொழில் தொடங்கியவர். அவருக்காகப் பாடிய டெரிக் மார்கன், பின்னர் லெஸ்லி காங் என்னும் சீன வமிசத்தவரிடம் சென்று சேர்ந்தார். காங், ஐஸ்கிரீமும் இசைத்தட்டும் விற்கும் கடையை நடத்தியவர். நாடு விடுதலை பெற்ற 1962-ஆம் ஆண்டில் மார்கன் பாடிய விடுதலைப் பாட்டில் வரும் சாக்சபோன் இசை தம்முடையது என்று பஸ்டர் சினந்தார். மார்கனைச் சீனருக்கு விலைபோனவராகப் பழித்து ஒரு பாட்டை வெளியிட்டார். மார்கனும் பாட்டாலேயே விடையிறுத்தார். ரசிகர்கள் தெருவில் மோதிக்கொண்டனர். இருவரையும் நண்பர்களாக நிற்கவைத்துப் படம் எடுக்கும்படி ஆயிற்று. நண்பன்மேல் எறிந்த கல், அவனுக்கு வேலை கொடுத்தவரின் இனத்தார்மீதும் போய் விழுந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

அதே 1962-இல், அதே காங்கின் கடைக்குப் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அவனைப் பாடவைத்துப் பார்த்தவர் இந்த மார்கனே. அச்சிறுவன் முதன்முதலாகப் பதிவு செய்த பாட்டின் தலைப்பு, பிறரைத் தீர்ப்பிடாதே என்று பொருள்படுவது. பாப் மார்லி என்னும் பெயரைப் பின்னாளில் உலகமே அறிந்தது.

மார்லியைப் பற்றிக் கூறுமுன் லீ பெர்ரியைக் கூறவேண்டும். இவரும் காக்ஸனிடம் உழைத்து, மனம் கசந்து வெளியேறியவர். ஜோ கிப்ஸ் என்பவரிடம் சேர்ந்தார், அங்கும் கசந்தது. 1968-இல் கிப்ஸைச் சாடி ஒரு பாட்டைத் தாமே வெளியிட்டார். பசித்த குழந்தை அழும் ஓசையை அதனூடே கலந்தார். தட்டு ஏராளமாக விற்றது. ரெகே இசையின் தொடக்கத் தட்டுகளுள் ஒன்றாக அதனை எண்ணுவோர் பலர். கிப்ஸ் சும்மா இருப்பாரா? பொறாமைக்காரன் என்று பெர்ரியைப் பழித்து மறுபாட்டு வெளியிட்டார். இதற்குள் மார்லியின் குழு பெர்ரியிடம் வந்து சேர்ந்தது. சில அரிய பாட்டுகள் பிறந்தன. பின்னர் பெர்ரி தமக்குரிய பணத்தைத் தரவில்லை என்று குழுவினர் குறைகூறிப் பிரிந்தனர். பிரியும்போது பெர்ரியின் வாத்தியக்காரராகிய பாரெட் சகோதரர்களையும் உடனழைத்துச் சென்றனர். இவ்வரிசையைக் கவனியுங்கள். வஞ்சகம் என்று முறையிட்டவர் ஒவ்வொருவரும் அதற்கு முன்னொரு நாள் வேறொருவரை விட்டு வந்தவரே.

பெர்ரியோடு இருந்த நாட்களில் பொய் நட்பைப் பற்றி மார்லி குழுவினர் பாடிய ஒரு பாட்டு, 1976-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் தொகுப்பில் புதிய வடிவம் பெற்றது. தொப்பி யாருக்குப் பொருந்துகிறதோ அவர் அணிந்துகொள்ளட்டும் என்னும் வழக்கே அதன் தலைப்பு. யார்மீதும் பெயர் குறித்துப் பழி சுமத்தாத பாட்டு அது. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இரவு, கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டிற்குள் துப்பாக்கி ஏந்தியோர் புகுந்து சுட்டனர். மார்லிக்கும் அவர் மனைவிக்கும் காயம்பட்டது. அவருடைய மேலாளர் படுகாயமுற்றார். அரசியற் பகை தீவை இரு கூறாகப் பிளந்திருந்த காலம் அது. இரண்டு நாள் கழித்து, கட்டிய காயத்தோடு மார்லி மேடையேறிப் பாடினார். பின்னர் தீவைவிட்டு வெளியேறியவர், 1978-இல் திரும்பி வந்தார். ஏப்ரல் 22-ஆம் நாள் நடந்த அமைதிக் கச்சேரியில், பகைவர்களாகிய பிரதமர் மான்லியின் கையையும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவின் கையையும் தம் தலைக்குமேல் ஒன்றாகப் பிடித்து நின்றார்.

அமைதி நீடிக்கவில்லை. 1980-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, அந்த ஓராண்டில் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். இந்த ஆண்டுகளில்தான் டான்ஸ்ஹால் என்னும் பெயரைத் தாங்கிய இசை தலையெடுத்தது. கட்சிகளால் பிரிக்கப்பட்ட தெருக்களில், எதிர்வீட்டுக்காரன் எந்தப் பக்கம் என்பதே உயிரைப் பற்றிய கேள்வியாயிருந்த சூழலில் அது வளர்ந்தது. 1985-இல் வெயின் ஸ்மித் என்னும் இளைஞரும் பிரின்ஸ் ஜாமி என்னும் ஒலிப்பதிவாளரும் ஒரு சிறிய காசியோ மின்னிசைப் பெட்டியிலிருந்த தாளத்தைக் கொண்டு ஒரு பாட்டை அமைத்தனர். அதன்பின் வாத்தியக் குழுவின் தேவை குறைந்தது. ஒரே தாளத்தின்மீது இருபது பேர் இருபது பாட்டுகளைப் பாடுவது அங்கே வழக்கம். ஆகவே, குற்றச்சாட்டு எந்தத் தாளத்தில் வருகிறதோ, மறுமொழியும் அதே தாளத்தில் வரக்கூடும். இன்னொரு வழக்கமும் உண்டு. புகழ்பெற்ற பாடகனைக் கொண்டு தன்னைப் புகழ்ந்தும் எதிரியைப் பழித்தும் ஒரே ஒரு தட்டைத் தனக்கென வெட்டச் செய்து, போட்டியன்று அதனை ஒலிக்கவிடுவான் ஒலிபெருக்கிக்காரன். நேற்றுவரை எதிரியின் கூட்டத்திற் பாடியவன் இன்று இவன் தட்டிற் பாடுவதைக் கேட்டுக் கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

இவ்விசையின் சொற்களில் மூன்று அடிக்கடி வருகின்றன. பிறர் வாழப் பொறாத மனம் ஒன்று. யூதாஸ் என்னும் விவிலியப் பெயர் மற்றொன்று. காட்டிக்கொடுப்பவன் என்பது மூன்றாவது. இம்மூன்றாவது சொல்லைக் குறித்து ஓர் எச்சரிக்கை கூறியாகவேண்டும். கசையடிக் காலத்தில் ஒற்றனை வெறுத்தது நியாயமே. ஆனால் அவ்வெறுப்பு, தான் கண்ட கொலையைப் பற்றி நீதிமன்றத்தில் உண்மை கூறவரும் சாட்சியையும் அதே சொல்லால் சுடுகின்றது. சாட்சி சொல்ல அஞ்சும் மக்கள் அத்தீவில் பெருகியதற்குப் பாட்டு மட்டுமே காரணம் அன்று. ஆயினும் அதற்குப் பங்கில்லை என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறுகின்றேன். பௌண்டி கில்லர் என்பவர் டான்ஸ்ஹால் பாடகர்களுள் மூத்தவர். அவருக்குப் பாட்டெழுதி, அவர் குழுவில் வளர்ந்தவர் வைப்ஸ் கார்ட்டல். 2006-இல் கார்ட்டல் அக்குழுவிலிருந்து விலகினார். குழுவில் இருந்த மாவாடோ என்பவருக்கும் அவருக்கும் பாட்டுப் போர் மூண்டது. கார்ட்டல் தம் பகுதியைக் காஸா என்றழைத்தார். மாவாடோ தம் பகுதியைக் கல்லி என்றழைத்தார். தீவெங்கும் இளைஞர் இரு கட்சியாயினர். பள்ளிப் பிள்ளைகளும் இப்பெயர்களைச் சொல்லி அடித்துக்கொண்டனர். 2009 டிசம்பரில் நாட்டின் பிரதமர் புரூஸ் கோல்டிங் அவ்விருவரையும் நேரில் அழைத்துப் பேசவேண்டியதாயிற்று. முதல்நாள் சண்டையில் யார் யாருக்கு என்ன தீங்கிழைத்தார் என்பதை அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? பிறர் மனக்கசப்பைத் தம் கசப்பாக அணிந்துகொண்டனர். பள்ளிக்கூடத்தில் வாழ்ந்த எனக்கு இதுவே பெரிய துயராகத் தோன்றுகின்றது.

மற்றொரு நிகழ்ச்சி புஜு பாண்டன் என்பவரைப் பற்றியது. 2009 ஜூலையில் அவர் மாட்ரிட் நகரிலிருந்து மயாமிக்கு விமானத்திற் சென்றபோது ஒருவர் அறிமுகமானார். நட்பாகப் பேசினார், மீண்டும் சந்தித்தார். அவர் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்புத் துறையிடம் ஊதியம் பெற்ற ஒற்றர். டிசம்பரில் புஜு கைதானார். முதல் விசாரணையில் நடுவர்களால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. 2011 பிப்ரவரியில், அவருடைய தொகுப்பு ஒன்று கிராமி விருது பெற்ற மறுநாளே இரண்டாம் விசாரணை தொடங்கியது. குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைப்பட்டு, 2018 டிசம்பரிலேயே விடுதலையானார். பொய் நட்பால் சிக்கவைக்கப்பட்டார் என்று அவர் பக்கத்தவர் வாதாடினர். நட்பு பொய்யாயினும் அவர் பேசிய பேச்சு மெய்யல்லவா என்பது எதிர்வாதம். பாட்டில் இவ்விரண்டும் ஒன்றாக இடம்பெறுவதில்லை. பாட்டில் ஒரு பக்கமே பேசும்.

மார்லியின் அப்பொய் நட்புப் பாட்டுக்கும் ஒரு பின்கதை உண்டு. தொகுப்பில் அதனை இயற்றியவர்களாகக் குறிக்கப்பட்டிருப்பவர்கள் பாரெட் சகோதரர்கள். அவர்களுள் மூத்தவராகிய ஆஸ்டன் பாரெட், மார்லி மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், தமக்குரிய பங்கு தரப்படவில்லை என்று இசைத்தட்டு நிறுவனத்தின்மீதும் மார்லியின் குடும்பத்தார்மீதும் லண்டனில் வழக்குத் தொடுத்தார். 2006-இல் நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. பொய் நண்பனைப் பற்றிய பாட்டின்கீழ் எவர் பெயர் இருந்ததோ, அவரே தமக்கு அநீதி நேர்ந்ததென்று நீதிமன்றப் படியேறினார். தொப்பி யாருக்குப் பொருந்தும் என்று நான் கூறமாட்டேன்.

நேயர்களே, இனி என் கணக்கு. ஆசிரியப் பயிற்சிக் காலத்திலிருந்து எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஒரே அறையில் தங்கி, ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள் நாங்கள். பின்னாளில் நான் பணிபுரிந்த பள்ளியின் கட்டட நிதியைக் குறித்து என்மீது ஒரு மொட்டைக் கடிதம் மேலிடத்திற்குச் சென்றது. விசாரணை நடந்தது. குற்றமற்றவன் என்று முடிவாயிற்று. ஆயினும் அக்கடிதத்தில் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்ததென்று நான் நம்பிய செய்தி ஒன்று இருந்தது. எழுதியவர் அவரே என்று உறுதிகொண்டேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. பதினோராண்டு அவரோடு பேசாதிருந்தேன். கண்டோரிடமெல்லாம் நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றிப் புலம்பினேன். எல்லோரும் என் பக்கமே நின்றனர், ஏனெனில் என் பாட்டைத்தான் அவர்கள் கேட்டார்கள். பின்பு ஒருநாள் வேறொருவர் தாமே வந்து, அக்கடிதத்தை எழுதியவர் தாம் என்று கூறி மன்னிப்புக் கேட்டார். என் நண்பர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்திற்கும் நான் செல்லவில்லை.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நண்பரை ஆராய்ந்து கொள்வதை ஓரிடத்திற் கூறி, தீ நட்பையும் கூடா நட்பையும் பின்னர்க் கூறுகின்றார். இவற்றின் நடுவே பழைமை என்ற ஓர் அதிகாரத்தை வைத்திருக்கின்றார். நெடுநாட் பழகிய நண்பர் பிழை செய்யினும் பொறுப்பதே அதன் பொருள். அதனை நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றேன். ஆனால் என் வாழ்வில் அந்த அதிகாரத்தைத் தாண்டிக்கொண்டு, நேராகக் கூடா நட்புக்குப் போய்விட்டேன்.

என் பேரன் இப்போதும் அப்பாட்டுகளைக் கேட்கின்றான். நான் தடுப்பதில்லை. நூற்றாண்டுகளாக வஞ்சிக்கப்பட்ட மக்கள் தம் முறையீட்டைச் சொல்ல வேறு மன்றம் இல்லாமல் கண்டுபிடித்த மன்றம் அது. பாடுகின்றவரின் வலி மெய். எனினும் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், "அந்த நண்பன் என்ன சொல்லியிருப்பான்?" என்று அவனைக் கேட்கின்றேன். முதலில் சிரித்தான். சென்ற வாரம், தன்னோடு பேசாமலிருந்த ஒரு தோழனுக்குத் தானே தொலைபேசியில் அழைத்துப் பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.